நாம் லெவல் ஏறினால் உலகமும் கூடவே ஏற வேண்டுமா? ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜிகளில் கேரக்டர் வளர்ச்சி

பனைநிழல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

2008-ல் ஹாஸ்டலில் நண்பனின் கம்ப்யூட்டரில் ஆப்லிவியன் என்ற ஆர்பிஜியை (ஒரு கேரக்டரை உருவாக்கி வளர்த்து ஆடும் கேம்) விளையாடினேன். சிறைக்கு அடியில் இருக்கும் சாக்கடை வழியாகத் தவழ்ந்து வெளியே வந்ததும் எதிரே ஏரி, அதன் அக்கரையில் இடிந்த வெள்ளைக் கற்கோயில். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த நொடி இன்னும் கண்ணில் நிற்கிறது. வாளும் கேடயமும் ஏந்திய ஒரு வீரனை உருவாக்கி, தினமும் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பேன்.

பத்தாவது லெவல் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் என்னவோ கெட்டுப்போனது. இருபதாவது லெவல் வாக்கில் ஒரு வழிப்பறிக்காரன் சாலையில் மறித்து 100 பொற்காசு கேட்டான். அவன் உடம்பில் இருந்தது கண்ணாடிக் கவசம். அதில் ஒரு துண்டை விற்றாலே அவன் வருஷக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடலாம். நான் வெட்டிக்கொண்டே இருக்கிறேன், அவன் சாகவே இல்லை. இதே மாதிரி ஆளை முதல் லெவலில் நாலைந்து வெட்டில் சாய்த்திருக்கிறேன். இருபது லெவல் ஏறி நான் கண்டது, முன்பைவிடப் பலவீனமான ஒருவன். அன்றோடு விட்டுவிட்டேன்.

2025-ல் அதன் ரிமாஸ்டர் (புதுப்பித்த பதிப்பு) வந்தது. இப்போதுதான் வாங்கியிருக்கிறேன், இன்னும் இன்ஸ்டால் பண்ணவில்லை. கேட்க வேண்டியது இரண்டு. அன்றைக்கு என் வீரனுக்கு உண்மையில் என்ன ஆனது? அப்புறம், உங்கள் கேரக்டர் நிஜமாகவே வளர்ந்துவிட்டான் என்று நீங்கள் உணர்ந்த கேம் எது? லெவல் எண் ஏறியதைக் கேட்கவில்லை. உடம்பில் உணர்ந்ததைக் கேட்கிறேன்.

செம்மண்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி. இந்தக் கணக்கில் எனக்கு ஒரு முழு நோட்டுப் புத்தகமே போயிருக்கிறது.

ஆப்லிவியனில் மொத்தம் 21 ஸ்கில். அதில் நீங்கள் முதன்மையாகத் தேர்ந்தெடுக்கும் 7 உங்கள் மேஜர் ஸ்கில். மேஜர் ஸ்கில்கள் எல்லாம் சேர்ந்து 10 முறை ஏறினால், படுக்கையில் தூங்கி எழும்போது ஒரு லெவல். அப்போது மூன்று குணங்களை உயர்த்தச் சொல்லும். ஸ்ட்ரென்த் (பலம்), எண்டூரன்ஸ் (தாங்கும் சக்தி), ஸ்பீடு என்று 8 உண்டு அல்லவா, அவற்றில் மூன்று. ஒவ்வொன்றும் எவ்வளவு உயரும் என்பது, அந்தக் குணத்தைச் சேர்ந்த ஸ்கில்கள் அந்த லெவலுக்குள் எத்தனை முறை ஏறின என்பதைப் பொறுத்தது. 1 முதல் 4 முறை என்றால் +2. 5 முதல் 7 என்றால் +3. 8, 9 என்றால் +4. பத்து ஏறினால்தான் +5. ஒன்றுமே ஏறவில்லை என்றால் வெறும் +1.

சிக்கல் இங்கேதான். நீங்கள் வாள்வீரன். எனவே நியாயமாக, பிளேடு (வாள்), பிளாக் (தடுப்பு), ஹெவி ஆர்மர் (கனமான கவசம்), கூடவே ஓடுவது குதிப்பது எல்லாவற்றையும் மேஜரில் வைத்திருப்பீர்கள். இயல்பாக விளையாடினால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஏறி, சீக்கிரமே பத்து நிறைந்துவிடும். லெவல் மளமளவென்று ஏறும். ஆனால் கிடைக்கும் போனஸ் +2, +2, +3 என்றுதான் இருக்கும். எதிரிகளுக்கோ உங்கள் போனஸ் தெரியாது, லெவல் மட்டும்தான் தெரியும். நீங்கள் ஒரு படி ஏறும்போது அவர்கள் இரண்டு படி ஏறியிருப்பார்கள்.

இதைவிடக் கொடுமை எண்டூரன்ஸ். லெவல் ஏறும்போது கூடும் ஹெல்த், அந்த நேரத்து எண்டூரன்ஸில் பத்தில் ஒரு பங்கு. பின்னால் எண்டூரன்ஸை 100 ஆக்கினாலும் போன லெவல்களில் விட்டது திரும்பி வராது. இது தெரியாமல் முதல் பத்து லெவலை ஓட்டியவர்களின் கேரக்டர், கடைசிவரை ஹெல்த்தில் குறைந்தவனாகவே இருப்பான். உங்கள் வீரனுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு விளையாடுபவர்கள் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். தனக்குப் பிடித்த ஸ்கில்களை மேஜரில் வைக்காமல், தொடவே போகாத ஸ்கில்களை மேஜரில் வைப்பது. லெவல் எப்போது ஏற வேண்டும் என்பதை நம் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லெவலுக்கும் +5, +5, +5 வரும்படி நோட்டில் கோடு போட்டு எண்ணி விளையாடுவது. நானும் ஆறு மாதம் அப்படி விளையாடினேன். என் மந்திரவாதி பலசாலி ஆனான். ஆனால் கோப்லின் குகைக்குள் போகும் ஒவ்வொரு முறையும் என் கண் நோட்டில் இருந்ததே தவிர குகையில் இல்லை. இன்னும் சிலர் படுக்கையையே தொடாமல், முதல் லெவலிலேயே கதையை முடித்தார்கள். வளராமல் இருப்பதே லாபம் என்று ஒரு வளர்ச்சி முறை சொல்லிக் கொடுத்தால், அடித்தளத்திலேயே ஏதோ பிசகு.

இரவுக்கிளி

செம்மண் அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் "செய்யச் செய்ய வளரும்" முறை என்ற யோசனையே தப்பு என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு அந்த யோசனை உயிர்.

அது வீடியோ கேமுக்கு முன்பே பிறந்தது. 1978-ல் வந்த ரூன்க்வெஸ்ட் என்ற மேசை விளையாட்டில், ஒரு ஸ்கில்லைப் பயன்படுத்தி ஜெயித்தால் அதன் பக்கத்தில் ஒரு டிக் போட்டுக்கொள்வார்கள். சாகசம் முடிந்த பிறகு பகடை உருட்டி, அது உயர்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் ஓர் அழகு உண்டு. ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த வித்தை உயர்வது கடினம், தெரியாத வித்தை சட்டென்று உயரும். நிஜ வாழ்க்கையிலும் அப்படித்தானே.

1988-ல் ஃபைனல் ஃபேன்டசி 2 இதை ஜப்பானிய ஆர்பிஜிக்குக் கொண்டு வந்தது. அடி வாங்கினால் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) உயரும். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் குழுவினரைத் தாங்களே அடித்து உயர்த்திக்கொண்டார்கள். ஆப்லிவியனில் சுவரைப் பார்த்துப் பதுங்கி நின்றபடி, கன்ட்ரோலர் ஸ்டிக்கில் ரப்பர் பேண்டு மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனவர்களின் முன்னோர்கள் அவர்கள்தான். ஆப்லிவியனுக்கு அடுத்த பாகமான ஸ்கைரிம் வந்த புதிதில் இரும்புக் கத்தியாகச் செய்து குவித்து ஸ்மித்திங் (கொல்லன் வேலை) ஸ்கில்லை 100 ஆக்கினோமே, அதுவும் இதே கதை. பிறகு ஒரு பேட்ச்சில் (திருத்தத்தில்), செய்யும் பொருளின் மதிப்புக்கு ஏற்பத்தான் அனுபவம் என்று மாற்றினார்கள். எதை எண்ணுகிறோமோ அதைத்தான் மக்கள் செய்வார்கள். எண்ணுவதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இந்த முறைக்கு ஈடு இல்லை.

இப்போது பனைநிழலின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் பதில் ஆப்லிவியனுக்கு முந்தைய பாகமான மாரோவிண்ட், 2002.

கப்பலில் இருந்து சேய்டா நீன் என்ற சேற்று ஊரில் ஒரு கைதியை இறக்கிவிடுவார்கள். அவனுக்கு எதுவும் வராது. நண்டு மாதிரி ஒரு பிராணியைக் கத்தியால் குத்தினால், குத்து கண்ணெதிரே படும். ஆனால் உள்ளே பகடை உருண்டு "தவறியது" என்று முடிவாகும். ஓடிக் களைத்துப் போய்ச் சண்டை போட்டால் இன்னும் மோசம். இதை நிறையப் பேர் வெறுத்தார்கள், அது புரிகிறது. ஆனால் நாற்பது மணி நேரம் கழித்து அதே ஊருக்கு, அதே கேரக்டரோடு திரும்பி வந்து பாருங்கள். அந்த நண்டு அதே நண்டுதான். பெரும்பாலான இடங்களில் உலகம் உங்களுக்காக மாறி உட்காராது. உங்கள் கை மட்டும் மாறியிருக்கும்.

கணக்கையும் தாண்டி ஒன்று உண்டு. டெல்வானி என்ற குலத்து மந்திரவாதிகள் பிரம்மாண்டமான காளான்களுக்குள் கோபுரம் கட்டி வாழ்கிறார்கள். உள்ளே மேல்தளத்துக்குப் படிக்கட்டு கிடையாது. அவர்கள் எல்லோரும் பறக்கத் தெரிந்தவர்கள், படிக்கட்டு அவர்களுக்கு எதற்கு? உங்களுக்குப் பறக்கத் தெரியாது என்றால் ஒரு மருந்தோ சுருளோ தேடிக்கொண்டு வர வேண்டும். முதன்முதலாக என் சொந்த மந்திரத்தில் அந்தச் செங்குத்துக் குழாய்க்குள் மிதந்து மேலே போனபோது, கேரக்டர் ஷீட்டைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

மழைக்காடு

இரவுக்கிளி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மாரோவிண்டில் மந்திரவாதிகள் சங்கத்தில் பதவி உயர வேண்டும் என்றால், வேலைகளை முடித்தால் மட்டும் போதாது. அந்தச் சங்கம் மதிக்கும் ஸ்கில்களும் குணங்களும் குறிப்பிட்ட அளவுக்கு இருக்க வேண்டும். இல்லை என்றால் "போய் இன்னும் பயிற்சி செய்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஸ்கைரிமில் வின்டர்ஹோல்டு கல்லூரிக்குள் நுழைய, வாசலில் ஓர் ஆரம்பநிலை மந்திரத்தைப் போட்டுக் காட்டினால் சரி. அதன் பிறகு கோடாரியாலேயே எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டு, கடைசியில் அந்தக் கல்லூரிக்கே தலைவர் ஆகலாம். நான் ஆனேன். என்னோடு படித்த மாணவர்கள் வாழ்த்திவிட்டுப் போனார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது. என் கேரக்டருக்கு ஒரு தீப்பந்து கூட ஒழுங்காக வராது.

கேமில் பதவியும் திறமையும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டால் வளர்ச்சி பாதி செத்துவிடுகிறது என்பது என் கருத்து.

கடைசிபெஞ்ச்

இந்த இழையில் இன்னும் யாரும் காத்திக் என்ற கேமைப் பற்றிப் பேசவில்லையே. நான் பேசுகிறேன்.

ஜெர்மனியின் பிரான்யா பைட்ஸ் என்ற சிறிய ஸ்டூடியோ 2001-ல் முதல் காத்திக்கையும் 2002-ல் இரண்டாவதையும் வெளியிட்டது. 2024-ல் அந்த ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். செய்தி படித்த அன்று ராத்திரி முதல் பாகத்தைத் திரும்ப இன்ஸ்டால் செய்தேன்.

அதில் லெவல் ஏறினால் தானாக எதுவும் நடக்காது. கொஞ்சம் ஹெல்த் கூடும், 10 கற்றல் புள்ளி கிடைக்கும். அவ்வளவுதான். அந்தப் புள்ளியை மெனுவில் போய்ச் செலவழிக்க முடியாது. ஓர் ஆசானைத் தேடிப் போக வேண்டும். வாள் கற்றுத் தருபவர் ஒருவர், வில் கற்றுத் தருபவர் ஊருக்கு வெளியே குடிசையில் இருக்கும் இன்னொருவர், விலங்கின் தோலை உரிக்கக் கற்றுத் தருபவர் வேறொருவர். சிலர் காசு கேட்பார்கள். சிலர் "நீ எங்கள் ஆள் இல்லை, உனக்குக் கற்றுத் தர மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். எந்த முகாமில் சேர்கிறோம் என்பது, என்ன கற்கப் போகிறோம் என்பதையும் தீர்மானிக்கும்.

இந்த இழையிலேயே முக்கியமாக நான் சொல்ல நினைப்பது இனிதான். வாள் பயிற்சி இல்லாத நம் ஆள், ஒற்றைக்கை வாளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, விறகு பிளப்பது மாதிரி ஓங்கி ஓங்கி அடிப்பான். ஆசானிடம் முதல் நிலை கற்றதும் அவன் நிற்கும் விதமே மாறிவிடும். வாள் ஒரு கைக்கு வந்துவிடும். அடிக்கும் அடி அடுத்த அடியோடு ஒட்டிப் போகும். இரண்டாம் நிலை கற்றால் இன்னும் வேகம், இன்னும் லாகவம். திரையில் எந்த எண்ணும் தேவையில்லை. தூரத்தில் இருந்து பார்த்தாலே இவனுக்கு வாள் தெரியும் என்று சொல்லிவிடலாம்.

நான் ஐடிஐயில் வெல்டிங் படித்தவன். முதல் வாரம் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் மறுபடி ஒட்டும். மாஸ்டர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, ராடைச் சாய்க்கும் கோணத்தை மட்டும் மாற்றி வைத்தார். அன்று சாயங்காலமே என் கோடு நேராக வந்தது. பல மாதம் தனியாகப் பழகினாலும் வராதது, தெரிந்தவர் கையைப் பிடித்தால் ஒரு நாளில் வரும். அதற்கு முன்னால் பல நாள் ராடைத் தகட்டில் ஒட்டவைத்திருக்கவும் வேண்டும். காத்திக் இந்த இரண்டையும் சரியாகப் பிடித்திருக்கிறது. காட்டில் அலைந்து பெற்ற அனுபவம் புள்ளியாகச் சேர்கிறது. அந்தப் புள்ளியை வித்தையாக மாற்ற ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

உலகமோ நின்ற இடத்தில் நிற்கும். இரண்டாம் பாகத்தில் முதல் மணி நேரத்தில் ஓர் ஓநாய் உங்களைக் கொன்றுவிடும். காட்டுக்குள் நிழல்மிருகம் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். முப்பது மணி நேரம் கழித்து, பயத்தோடு மனதில் குறித்து வைத்த அந்த இடத்துக்கு நீங்களாகவே போவீர்கள். கணக்குத் தீர்க்கத்தான்.

நீலாம்பரி

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். வாரத்துக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். கடைசிபெஞ்ச் சொன்ன காத்திக் 2-ஐ நானும் முயன்றேன். ஓநாயிடம் செத்தேன், பெரிய பூச்சியிடம் செத்தேன், ஒரு பாலத்துக்கு அப்பால் போய்ச் செத்தேன். நாலு வாரம் போனது, ஊருக்கு வெளியே நான் ஒரு கிலோமீட்டர் கூடத் தாண்டவில்லை. அது உங்களுக்கு இன்பம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "திறந்த உலகம்" என்று சொல்லிவிட்டு நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத வேலி போட்டது போலத்தான் எனக்கு இருந்தது.

2011-ல் ஸ்கைரிம் என்னை எந்தத் திசையிலும் போகவிட்டது. மலை தெரிந்தால் மலைக்குப் போனேன். எதிரிகள் என் லெவலுக்கு ஏற்ப இருந்ததால்தானே அது முடிந்தது? வடிவமைப்பவர் இடத்தில் நின்று பாருங்கள். கதையின் முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் விளையாடுபவர் எந்த வரிசையில் போவார் என்று அவருக்குத் தெரியாது. நிலையான உலகம் வைத்தால் சிலருக்குச் சுவர், சிலருக்குப் புல்வெளி. லெவல் ஸ்கேலிங், அதாவது எதிரிகளும் நம் லெவலோடு ஏறுவது, அந்தச் சிக்கலுக்கு வந்த மருந்து. ஆப்லிவியனில் அதை அளவுக்கு மீறிக் கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். மருந்தே விஷம் என்பதை ஏற்க மாட்டேன்.

இன்னொன்று. வளர்ச்சி என்றால் எல்லோரும் சண்டையையே பேசுகிறீர்கள். 2015-ல் வந்த விட்சர் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்கில் முறை எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. வேக அடிக்கு 5% கூடுதல், இன்னொரு புள்ளி போட்டால் இன்னொரு 5%. கற்றதையும் 12 கட்டங்களுக்குள் பொருத்தினால்தான் வேலை செய்யும், மற்றது மறந்தது போல. ஏற்கெனவே பல பத்து வருஷம் அரக்கன் வேட்டை ஆடிய நாயகன் கெரால்ட்டுக்கு இந்தப் புள்ளிகள் பொருந்தவும் இல்லை.

ஆனால் அந்தக் கேமில் ஒரு கேரக்டர் வளர்கிறாள். கெரால்ட் மகளாக வளர்த்த சிரி. (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) அவள் மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும்போது குடிக்க அழைக்கிறோமா, பனி உருண்டை எறிந்து விளையாட வைக்கிறோமா என்ற சின்னச் சின்ன முடிவுகள் சேர்ந்து, கடைசியில் அவள் உயிரோடு திரும்புகிறாளா என்பதையே தீர்மானிக்கின்றன. எந்த இடத்திலும் "சிரியின் நம்பிக்கை +1" என்று திரையில் காட்டவில்லை. என் முதல் ஆட்டத்தில் எனக்குக் கெட்ட முடிவுதான் வந்தது. எங்கே தவறவிட்டேன் என்று பின்னோக்கி யோசித்தபோது, நான் அவளை ஒவ்வொரு முறையும் பாதுகாக்க மட்டுமே பார்த்திருக்கிறேன், நம்பவில்லை என்று தெரிந்தது. ஒரு தாயாக அது என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. எந்த வாள் பயிற்சியும் என்னை அப்படித் தொட்டதில்லை.

செம்மண்

நீலாம்பரி அக்கா, சிரி பற்றி நீங்கள் எழுதியதற்கு எதிராக என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. அருமை.

ஸ்கைரிம் பற்றி மட்டும் ஒரு விவரம். அங்கே எல்லாம் உங்கள் லெவலுக்கு ஏற்ப இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்துக்கு நீங்கள் முதன்முதலாகப் போகும்போது அதன் லெவல் அங்கேயே உறைந்துவிடும். வைட்ரன் நகரத்துக்குப் பக்கத்தில் மாமூத் மேய்க்கும் ராட்சதனுக்கு நீங்கள் எந்த லெவல் என்று கவலையே இல்லை. முதல் நாளில் அவன் ஓர் அடியில் உங்களை வானத்துக்கு அனுப்புவதும், பின்னாளில் நீங்கள் அவனை வீழ்த்துவதும் அதனால்தான். ஸ்கைரிமில் எல்லோருக்கும் நினைவிருக்கும் எதிரி அவன்தான் என்பதைக் கவனியுங்கள். அதாவது, ஸ்கைரிம் நன்றாக இருந்தது ஸ்கேலிங்கால் மட்டும் அல்ல. ஸ்கேலிங்குக்கு அங்கங்கே கடிவாளம் போட்டதாலும்தான்.

ஆனால் பழைய நோய் முழுக்கத் தீரவில்லை. அங்கே 18 ஸ்கில், எது ஏறினாலும் லெவல் ஏறும். என் தம்பி ஒருவன் கடைகடையாக ஏறி வியாபாரம் பேசியும், மருந்து அரைத்தும், கவசம் அடித்தும் இருபது லெவல் போனான். சண்டை ஸ்கில் எல்லாம் அடிமட்டத்தில். வெளியே வந்தால் காத்திருந்தவர்கள் இருபதாவது லெவல் ஆட்கள். பேச்சில் வல்லவனாகி வாளால் செத்தான்.

இரவுக்கிளி

பேச்சு என்றதும் 2010-ல் வந்த ஃபால்அவுட் நியூ வேகாஸ் நினைவுக்கு வருகிறது. அங்கே பேச்சும் ஓர் ஆயுதம்தான்.

ஃபால்அவுட் 3-ல் பேசி மசியவைப்பது பகடை மாதிரி, இத்தனை சதவீத வாய்ப்பு என்று காட்டும். சேவ் பண்ணிவிட்டுத் திரும்பத் திரும்ப முயலலாம். நியூ வேகாஸில் அப்சிடியன் குழு அதை மாற்றியது. உனக்கு ஸ்பீச் (பேச்சுத் திறன்) 50 வேண்டும், இருப்பது 35 என்று வெளிப்படையாகச் சொல்லும். அதையும் மீறித் தேர்ந்தெடுத்தால் கேரக்டர் தடுமாறி, அரைகுறையாக எதையோ உளறுவான். அந்த வசனத்தையும் தனியாக எழுதியிருக்கிறார்கள். 50 வந்த பிறகு அதே மனிதரிடம் போனால் வேறு சொற்கள், வேறு தெளிவு. கடைசியில் லானியஸ் என்ற படைத்தலைவனிடம், ஸ்பீச் 100 இருந்தால், வாளை உருவாமலேயே பேசிப் பின்வாங்க வைக்கலாம். வியாபாரக் கணக்குப் போடும் பார்ட்டர் 100 இருந்தாலும் முடியும். அவன் படைக்கு உணவும் பொருளும் எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டு மடக்குவீர்கள்.

நீலாம்பரி அக்கா சொன்ன வேலியும் அங்கே உண்டு. தொடக்க ஊரிலிருந்து நேர் வடக்கே போனால் வேகாஸ் பக்கம்தான், ஆனால் வழியில் கல்குவாரி முழுக்க டெத்கிளா என்ற கொடிய மிருகங்கள். அதனால் தெற்கே சுற்றிப் போவீர்கள். அந்தச் சுற்றுவழியில்தான் கதை விரிகிறது. அதே சமயம், உயிரைக் கையில் பிடித்துப் பதுங்கிப் பதுங்கி வடக்கே போனவர்களும் இருக்கிறார்கள். பூட்டு இல்லாத வேலி அது.

மழைக்காடு

2022-ன் எல்டன் ரிங்கும் இப்படித்தான். கதவைத் திறந்ததும் குதிரையில் தங்கக் கவசத்தோடு ட்ரீ சென்டினல் என்ற எதிரி. எல்லோரும் போய்ச் சாவோம். யாரும் தடுக்கவில்லை, சுற்றிப் போக இடம் இருக்கிறது. திரும்பி வரும்போது ஜெயிக்கிறோம். அதில் லெவலுக்கு எவ்வளவு பங்கு, அவன் ஓங்கும் நேரம் நம் விரலுக்குப் பழகிவிட்டதற்கு எவ்வளவு பங்கு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

தச்சன்மகன்

நீண்ட நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், முதல்முறை எழுதுகிறேன்.

என் பதில் கிங்டம் கம் டெலிவரன்ஸ். செக் நாட்டின் வார்ஹார்ஸ் ஸ்டூடியோ 2018-ல் வெளியிட்டது. கதை 1403-ல், பொஹீமியாவில் நடக்கிறது. ஹென்றி ஸ்கலிட்ஸ் என்ற ஊரின் கொல்லன் மகன். மந்திரம் இல்லை, அரக்கன் இல்லை. அவனுக்கு வாள் தெரியாது, பூட்டுத் திறக்கத் தெரியாது. அப்புறம், எழுத்தும் தெரியாது.

அதை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு புத்தகத்தைத் திறந்தால், "உனக்குப் படிக்கத் தெரியாது" என்று ஓர் அறிவிப்பைப் போட்டு மூடிவிடலாம் அல்லவா? அப்படிச் செய்யவில்லை. பக்கத்தைத் திறந்து காட்டுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். நம் மொழியில் சொன்னால், "தண்ணீர்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "ணீதர்ண்". படிக்கத் தெரிந்த நாமும் அந்தப் பக்கத்தின் முன்னால் எழுத்தறியாதவராக நிற்போம். உஷிட்ஸ் என்ற ஊரில் ஓர் எழுத்தர் இருக்கிறார், அவரிடம் போய்க் கற்க வேண்டும். கற்றதும் எல்லாம் ஒரேயடியாகத் தெளிவாகிவிடாது. சில சொற்கள் நேராகும், சில இன்னும் குழம்பியே இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து படிக்கப் படிக்கத்தான் பக்கம் தெளியும்.

சண்டையும் அதே மாதிரிதான். தொடக்கத்தில் ஹென்றி கையில் வாள் கனக்கும், இரண்டு பேர் சூழ்ந்தால் ஓடுவதே வழி. ரட்டாய் என்ற ஊரில் கேப்டன் பெர்னார்டிடம் மரவாள் எடுத்துப் பழக வேண்டும். நான் ஒரு முழு மாலை அங்கேயே நின்றேன். ஸ்கில் எண் ஏறியது. கூடவே எதிரியின் தோள் அசைவைப் பார்த்துத் தடுக்க எனக்கும் வந்துவிட்டது. கடைசிபெஞ்ச் அண்ணன் தன் மாஸ்டரைப் பற்றி எழுதியதைப் படித்தபோது பெர்னார்டைத்தான் நினைத்துக்கொண்டேன்.

என் அப்பா தச்சர். பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ்ஸில் ஊர்ப் பலகையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவார். அந்தப் புத்தகப் பக்கத்தை முதலில் பார்த்தபோது, அவருக்கு ஊர்ப் பலகை இப்படித்தான் தெரிந்திருக்குமோ என்று நினைத்தேன். கேமை நிறுத்தி வைத்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசிபெஞ்ச்

தச்சன்மகன், இனி படிப்பதோடு நிறுத்தாமல் எழுதவும் செய்யுங்கள்.

நீலாம்பரி அக்காவிடம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டும் இருக்கும் ஒருவருக்கு காத்திக்கைச் சிபாரிசு செய்வது நியாயமில்லை. தெரியாமல் எத்தனையோ பேருக்கு அதைச் செய்திருக்கிறேன்.

பனைநிழல்

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன்.

செம்மண் அண்ணா, 2008-ன் என் வீரனுக்கு என்ன நோய் என்று 17 வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். ரிமாஸ்டரை இன்ஸ்டால் செய்து ஒன்பதாவது லெவல் வரை போயிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு லெவலுக்கும் 12 புள்ளி தருகிறார்கள். மூன்று குணங்கள் வரை பிரித்துக்கொள்ளலாம், ஒன்றுக்கு அதிகபட்சம் 5. மேஜர், மைனர் (மற்ற ஸ்கில்கள்) இரண்டுமே லெவலுக்குக் கணக்காகின்றன. நோட்டுப் புத்தகம் தேவைப்படவில்லை, பிடித்த ஸ்கில்லையே மேஜரில் வைத்தேன். ஆனால் எதிரிகள் கூடவே ஏறுவது அப்படியே இருக்கிறது. கண்ணாடிக் கவசக்காரன் இந்த முறையும் வருவானா?

செம்மண்

வருவான் தம்பி. ஆனால் இந்த முறை உங்கள் வீரன் அவனோடு சமமாக நிற்பான். புள்ளியில் 5-ஐ எண்டூரன்ஸுக்கே போட்டுக்கொண்டு வாருங்கள், அது நிறையும் வரை. இன்னொரு 5 ஸ்ட்ரென்த்துக்கு. மிச்சம் 2 உங்கள் இஷ்டம். லக் (அதிர்ஷ்டம்) ஒரு புள்ளி உயர 4 செலவாகும், இப்போதைக்குத் தொட வேண்டாம். க்வாட்ச் நகர வேலையை இன்னும் முடிக்கவில்லை என்றால் சீக்கிரம் முடித்துவிடுங்கள். லெவல் ஏற ஏற அந்த நகர வாசலில் வந்து நிற்கும் எதிரிக் கூட்டமும் பலம் கூடிவிடும்.

பனைநிழல்

க்வாட்ச் முடிந்தது, நன்றி அண்ணா.

இன்னொரு செய்தி. தள்ளுபடியில் கிங்டம் கம்மும் வாங்கினேன். இரண்டு ராத்திரியாக ஹென்றியோடு இருக்கிறேன். காட்டுப்பாதையில் செத்துக் கிடந்த ஒருவனிடம் ஒரு தாள் கிடைத்தது, ஒரு சொல் கூடப் புரியவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டு உஷிட்ஸ் போனேன். எழுத்தரிடம் காசு கொடுத்துக் கற்றேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளைத் திரும்ப எடுத்தேன். முதல் வரியில் நாலு சொல் தெரிந்தது. மற்றதெல்லாம் இன்னும் குழம்பித்தான் கிடக்கிறது. இன்று ராத்திரி பிள்ளை தூங்கியதும் மறுபடி அந்தப் பெஞ்சுக்குப் போகப் போகிறேன்.